பழைய வாளில் இருந்து ஒரு சுரண்டித் தகடு

முதிரைப் பலகையில் சீவுளி ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒரு சாண் தூரம் சீவுளி வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த சாணில் அதே தள்ளலுக்கு நார் பிய்ந்து பலகை முகத்தில் செதில் செதிலாகக் குழி விழும். சரி என்று பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் இருந்து தள்ளினால் முன்பு பிய்ந்த இடம் சரியாகும், முன்பு நன்றாக வந்த இடம் இப்போது பிய்யும். முதிரையின் நார் ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்து வளர்வது. வெளிச்சம் பட்டால் பட்டுச் சேலைபோல வரி வரியாக மினுங்குவதும் அதனால்தான், சீவுளிக்கு அடங்காததும் அதனால்தான்.

எங்கள் பட்டறை முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில். காட்டில் நிற்கிற முதிரையைத் தொட அனுமதி வேண்டும், அதனால் எங்களிடம் வருவது பெரும்பாலும் இடிந்த வீடுகளில் இருந்து கழற்றிய பழைய நிலையும் யன்னலும்தான். அறுபது எழுபது வருடம் காய்ந்த மரம், நாலைந்து கோட்டு பெயின்ற், உள்ளே கல்லுப்போல வைரம். இதை வைத்து ஒரு மேசைப் பலகை செய்து தரச் சொல்லி ஆட்கள் கேட்பார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய அப்பப்பாவின் வீட்டு நிலை. அப்படி வருகிற மரத்தை சான்ட் பேப்பரால் மணிக்கணக்காகத் தேய்த்துத் தூளாக்க எனக்கு மனம் வராது. முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொடுக்கும், மூக்குக்கும் கெடுதல். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995 இலேயே சேர்த்துவிட்டது. போதாததற்கு 2022 விலையேற்றத்துக்குப் பிறகு நல்ல சான்ட் பேப்பர் வாங்குவதே ஒரு செலவு.

பழைய ஆசாரிமார் இதற்குக் கண்ணாடித் துண்டு வைத்திருந்தார்கள். உடைந்த யன்னல் கண்ணாடியின் ஓரத்தால் சுரண்டினால் மரம் நன்றாகவே வழுவழுப்பாகும், ஆனால் அந்த ஓரம் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், திரும்பக் கூராக்க வழியில்லை, விரலையும் வெட்டும். உருக்குத் தகடு அதே வேலையைச் செய்யும், வருடக்கணக்காக நிற்கும். அதைத்தான் சுரண்டித் தகடு என்கிறேன். கடையில் ஸ்கிறேப்பர் என்று கேட்டால் பெயின்ற் சுரண்டுகிற கரண்டியைத்தான் எடுத்துத் தருவார்கள், அது வேறு. நமக்கு வேண்டியது ஆறு அங்குல நீளம், இரண்டரை மூன்று அங்குல அகலம், 0.8 மில்லிமீற்றர் கிட்டத் தடிப்பு உள்ள வெறும் ஒரு தகடு. பிடி இல்லை, ஆணி இல்லை, திருப்புகிற ஸ்குறூ ஒன்றும் இல்லை.

சுரண்டி என்ற பெயரைக் கேட்டு இது மரத்தை உரசி எடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். தகட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பிசிர், மயிர் அளவு கொக்கியாக வளைந்து நிற்கும். அந்தக் கொக்கிதான் வெட்டும். மிகச் சின்னச் சீவுளி அலகு அது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு அவ்வளவு மெல்லிசாகப் போவதால் நார் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பிய்வதற்கு முன்பே அறுந்துவிடும். சரியாகக் கொக்கி ஏறிய தகட்டில் இருந்து வருவது சுருள், வெங்காயத் தோல்போல மெல்லிய சுருள். தூள் வந்தால் எங்கோ பிழை.

உருக்குக்கு முதல் இடம் பழைய கைவாள். வாளின் உருக்கு வளைத்தால் திரும்பி நேராகும், ஆனால் அரம் அதைக் கடிக்கும். கடிக்காவிட்டால் அந்தக் காலத்தில் வாளுக்குப் பல் ராவியிருக்கவே முடியாதே. நமக்கு வேண்டிய பதமும் அதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஸ்பியர் அண்ட் ஜாக்சன் வாள்கள் இன்னும் சில வீடுகளில் துருப்பிடித்துத் தொங்குகின்றன. நல்ல வாளாக, பல்லெல்லாம் இருப்பதாகக் கிடைத்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள், பல் ராவி அறுக்கப் பாவியுங்கள். வளைந்தது, பல் கொட்டியது, நடுவில் வெடித்தது எதுவோ அதை எடுங்கள். பழைய நல்ல வாள்கள் பல் பக்கம் தடிப்பாகவும் முதுகுப் பக்கமும் நுனியும் மெல்லிசாகவும் இருக்கும், அதனால் ஒரே வாளில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரண்டு வகைத் தகடு எடுக்கலாம். தடித்தது பசையும் பழைய வார்னிஷும் எடுக்க, மெல்லியது கடைசி மினுக்கலுக்கு.

இப்போது வருகிற புது வாள்களில் பல் மட்டும் கறுத்து நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்லை மட்டும் சூடேற்றி இறுக்கியது அது, அரம் அதில் வழுக்கும். பல் பகுதியை அரை அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதித் தகட்டைப் பாவிக்கலாம். இன்னொரு இடம் மரம் அறுக்கிற மரக்காலை. அங்கே அறுந்துபோன பட்டை வாள் மூலையில் சுருண்டு கிடக்கும், மூன்று நாலு அங்குல அகலம், ஒரு மில்லிமீற்றர் கிட்டத் தடிப்பு, ஒரு முழம் கேட்டு வாங்கினால் இரண்டு மூன்று தகடு வரும். பால்மா டின் தகடு, கூரைத் தகடு எல்லாம் வேண்டாம், மெது இரும்பில் கொக்கி நிற்காது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் இரும்பு தேடி வெறுங்காணிக்குள், காட்டுக்கரைக்குள் இறங்காதீர்கள், மண்ணுக்குள் தெரிகிற இரும்பை இழுக்காதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். கண்ணிவெடியும் வெடிக்காத செல்லும் எடுத்து முடிந்தது என்று யாரும் உங்கள் காணிக்கு எழுதித் தரும்வரை அந்த இரும்பு உங்களுக்கு வேண்டாம். பழைய இரும்புக் கடையில் ஒரு வாள் எடுப்பது பெரிய செலவில்லை.

வெட்டுவது சுலபம். ஆணி நுனியால் கோடு கீறி, கிறைண்டரில் ஒரு மில்லிமீற்றர் வெட்டு டிஸ்க் போட்டு, ஒரே மூச்சில் வெட்டாமல் விட்டு விட்டு வெட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ஓரம் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போகத் தொடங்கிவிட்டது, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அரத்தால் ராவி எறியுங்கள். கிறைண்டர் இல்லாவிட்டாலும் செய்யலாம். இரண்டு கோண இரும்புத் துண்டுக்கு இடையில் தகட்டைக் கோடு மட்டும் தெரிய வைஸில் இறுக்கி, மூன்று மூலை அரத்தின் விளிம்பால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, மேலே ஒரு சாக்கைப் போட்டு முன்னும் பின்னும் வளைத்தால் டக் என்று உடையும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த இரண்டில் ஒன்றையும் செய்யாதீர்கள். உடைகிற உருக்கில் தெறிக்கிற துணுக்கு ஊசி மாதிரி.

துருவை மண்ணெண்ணெய் தோய்த்த சான்ட் பேப்பரால் எடுங்கள். நடுப்பகுதி கறுப்பாகக் கிடந்தாலும் பரவாயில்லை, ஆனால் நாலு நீள விளிம்பிலும் (இரண்டு நீள ஓரமும் இரண்டு முகத்தோடு சேர்கிற இடங்கள்), இரண்டு முகத்திலும், ஓரத்தில் இருந்து ஒரு அங்குலத்துக்கு துருக்குழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழி இருந்த இடத்தில் கொக்கியில் ஒரு பல் குறையும், அந்தப் பல் மரத்தில் ஒரு கோடாக எழும்பி நிற்கும்.

இனிக் கூராக்கும் வேலை. இதில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். கடினமான உருக்குக் கம்பியை எடுத்து ஓரத்தில் தேய்த்துக் கொக்கி எழுப்புவதுதான் வித்தை என்று நினைத்து, அரமும் கல்லும் பிடிக்கிற வேலையை அரைகுறையாக விட்டுவிடுவார்கள். என் கணக்கில் தகடு நல்லதா கெட்டதா என்பது கம்பி தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

தகட்டை நிமிர்த்தி வைஸில் இறுக்குங்கள், ஓரம் வைஸுக்கு மேலே அரை அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், நீட்டினால் அதிரும். நுண்பல் தட்டை அரத்தை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து, தகட்டின் நீளத்துக்கு இழுத்து ராவுங்கள். இழுக்கும்போது அரம் கிடையாக நிற்க வேண்டும், விரல்களைத் தகட்டின் இரண்டு பக்கமும் தொட்டபடி ஓட விட்டால் அது சாயாது. ஓரத்தில் பழைய மினுக்கம் முழுதும் போய், ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை ஒரே சாம்பல் நிறம் வரும்வரை ராவுங்கள். பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், முகமும் ஓரமும் சரியாக 90 பாகை. நாலு மூலையையும் அரத்தால் ஒரு தடவு தடவி மழுக்கிவிடுங்கள், கூர் மூலை பலகையைக் கீறும்.

அரம் போன இடத்தைக் கையால் தடவினால் வழுவழுப்பு என்றுதான் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உழுத வயல். அந்த உழவுச் சால் எல்லாம் போக வேண்டும். எண்ணெய்க் கல்லின் நுண்பக்கத்தில் நாலு சொட்டுத் தையல் மிசின் எண்ணெய் விட்டு, பக்கத்தில் ஒரு சதுரக் கட்டையை வைத்து, தகட்டை அந்தக் கட்டையோடு ஒட்டி நிமிர்த்தி, கட்டையும் தகடும் சேர்ந்து கல்லின் மேல் ஓட வேண்டும். கட்டை இருந்தால் 90 பாகை தானாக வரும். ஒரே இடத்தில் தேய்த்தால் கல்லில் பள்ளம் விழும், அதனால் கொஞ்சம் சரித்து, இடம் மாற்றி மாற்றித் தேயுங்கள். அதன்பிறகு தகட்டைக் கல்லில் படுக்கப் போட்டு இரண்டு முகத்தையும் ஓரப் பக்கம் அழுத்தித் தேயுங்கள். கல்லில் இருந்து எழும்பிய கம்பிப் பிசிர் இருந்தால் அது முகத்தில் தட்டும், முகமும் ஓரமும் மாறி மாறி இரண்டு மூன்று தரம் தேய்த்தால் உதிர்ந்து போய்விடும். நல்ல கல் இல்லாவிட்டால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 600, பிறகு 1000 இலக்கத் தண்ணிச் சான்ட் பேப்பரை ஒட்டி அதில் தேய்க்கலாம், நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். முடிந்தது என்பதற்கு அடையாளம்: ஓரம் கண்ணாடிபோல இருக்கும், இரண்டு விளிம்பும் விரலுக்குக் கூர்மையாகப் படும், ஆனால் எந்தப் பக்கமும் பிசிர் தட்டாது.

இப்போது தேய்ப்புக் கம்பி. தகட்டை விடக் கடினமான, வழுவழுப்பான உருக்கு உருளை எதுவும் சரி. எனக்கு வாய்த்தது உழவு மிசின் எஞ்சினில் இருந்து கழற்றிய பழைய வால்வு. அதன் தண்டு விரல் மொத்தம், இறுக்கிய உருக்கு, மேல்பூச்சும் கடினம். தலையைத் துணியால் சுற்றிக் கைக்குள் பிடித்துக்கொள்வேன். கராஜில் கேட்டால் சும்மாவே தருவார்கள். பித்தளை மினுக்குகிற பிராசோ போட்டு நீளவாக்கில் மினுக்கிக்கொள்ளுங்கள். அரத்தால் தண்டின் நுனியைக் கீறிப் பாருங்கள், அரம் வழுக்கினால் கம்பி நல்லது, கடித்தால் வேறு தேடுங்கள். ஸ்குறூடிறைவர் தண்டால் செய்கிறவர்களும் உண்டு, சிலதில் சரிவரும், சிலதில் தகடே கம்பியில் கோடு போட்டுவிடும். கோடு விழுந்த கம்பி கொக்கியைப் பிய்க்கும்.

முதலில் தகட்டை வேலை மேசையின் ஓரத்தோடு படுக்கப் போடுங்கள். கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய். கம்பியை முகத்தில் கிட்டத்தட்டப் படுத்தபடி, ஒரு பாகை இரண்டு பாகை மட்டும் ஓரப் பக்கம் சாய்த்து, விளிம்போடு எட்டுப் பத்துத் தரம் இழுங்கள். கொஞ்சம் பலமாகவே அழுத்தலாம். இது விளிம்பில் இருக்கிற உருக்கை வெளியே தள்ளி இறுக்குகிறது. நாலு விளிம்புக்கும் இப்படி. பிறகு தகட்டை வைஸில் நிமிர்த்தி, கம்பியை ஓரத்துக்குச் சரி குறுக்காக, கிடையாகப் பிடித்து மூன்று நாலு இழுவை. அடுத்து கைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி மூன்று நாலு இழுவை. எவ்வளவு தாழ்த்துவது என்று எல்லாரும் கேட்பார்கள். தண்டு ஐந்து அங்குலம் என்றால் கைப்பக்க நுனி அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் 5 பாகை, ஒரு அங்குலம் கிட்ட இறங்கினால் 10 பாகை. ஐந்தில் தொடங்குங்கள், பத்தைத் தாண்ட வேண்டாம். அழுத்தம் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிற அளவு. மறுபக்க விளிம்புக்கும் அதே.

எங்களிடம் வேலை பழகுகிற தம்பி ஒருவர் தன் முதல் தகட்டோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினார்.

"அண்ணை, இது வெட்டேல்லை. தூள்தான் வருது."

"எத்தினை தரம் இழுத்தனீங்கள்?"

"ஒரு இருபது. நல்லா அமத்தித்தான் இழுத்தனான்."

தகட்டை வாங்கி, முகத்தில் இருந்து ஓரத்தைத் தாண்டி நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். நகம் எங்கேயும் தட்டுப்படவில்லை. ஓரத்தின் பக்கமாகத் தடவினால் ஒரு உருண்டை வரம்பு தட்டியது. கொக்கி எழும்பி, அதைத் தாண்டி, மடிந்து, தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. அழுத்தம் கூடினால் நடப்பது இதுதான். திரும்ப அரத்தில் இருந்து தொடங்கச் சொன்னேன். இந்த முறை நாலே இழுவை, தண்டின் பாரத்துக்கு மேல் கொஞ்சம். அவரையே நகம் வைத்துப் பார்க்கச் சொன்னேன், விளிம்பைத் தாண்டும் இடத்தில் நகம் சிக் என்று பிடித்தது. பழைய நிலைத் துண்டில் வைத்துத் தள்ளியதும் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் சுருள் ஒன்று தகட்டுக்கு மேலால் எழும்பி விழுந்தது. அவர் அதைப் பொறுக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்னால் நிற்கிற வேம்பு தெரிந்தது.

பிடிக்கிற விதம்: இரண்டு கையின் நாலு விரலும் தகட்டின் முன்பக்கம், இரண்டு பெருவிரலும் பின்பக்கம் நடுவில் கீழே. பெருவிரலால் நடுவை முன்னுக்குத் தள்ளித் தகட்டை மெல்லிசாக வில்போல வளையுங்கள். செங்குத்தாக வைத்துத் தொடங்கி, தள்ளிக்கொண்டே முன்பக்கம் சாயுங்கள், ஒரு இடத்தில் அது மரத்தைப் பிடிப்பது கைக்குத் தெரியும். அந்தச் சாய்வை விடாதீர்கள். கொக்கியை எவ்வளவு தாழ்த்தி எழுப்பினீர்களோ அவ்வளவு கூடச் சாய்க்க வேண்டிவரும், பத்துப் பாகைக்கு மேல் வேண்டாம் என்றது அதனால்தான், விரல் பலகையில் இடிக்கும். இழுத்தும் சுரண்டலாம், மூலைகளுக்கு அதுதான் வசதி.

பலகை முகத்தில் தடதடவென்று அலை விழத் தொடங்கினால் தகட்டை நாருக்குக் குறுக்கே கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், அடுத்த தள்ளலுக்கு மற்றப் பக்கம் சரியுங்கள். நார் பிய்ந்த ஒரே குழியைத் திரும்பத் திரும்பச் சுரண்டாதீர்கள். சுரண்டும்போது தெரியாது, வார்னிஷ் பூசி வெளிச்சம் பட்டதும் அந்த இடம் கோப்பைபோலக் குழிந்து தெரியும். சுற்றி ஒரு முழ அகலத்துக்கு விரித்து எடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் பெருவிரல் சுடும். நிஜமாகவே சுடும், தகடு அவ்வளவு சூடாகும். பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு அங்குலம் வெட்டிப் பெருவிரலில் மாட்டிக்கொண்டால் போதும்.

முதிரை, பாலை, கருங்காலி, நன்றாகக் காய்ந்த வேம்பு, தேக்கு எல்லாம் இதற்கு நன்றாகப் படியும். மெது மரத்தில் வேலை செய்யாது, நாரை வெட்டாமல் அமுக்கி மயிர் எழுப்பிவிடும், அதற்குச் சான்ட் பேப்பர்தான். பனையிலும் சரிவராது, அதன் கறுப்பு நார் ஈட்டி மாதிரி, இடையில் இருப்பது சோறு, ஒன்று நிற்கும் மற்றது போகும். உலக்கை, கதிரைக் கை, தொட்டில் கால் போன்ற உருண்டை வேலைக்குத் தகட்டின் ஒரு பக்கத்தை அந்த உருட்டுக்கு ஏற்றபடி உட்குழிவாக வெட்டி, அரை வட்ட அரத்தால் ராவிக் கொக்கி எழுப்பலாம். அதில் கல்லுக்குப் பதில் உலக்கைத் துண்டில் சான்ட் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் உலக்கை ஒன்றைச் சுரண்டி முடித்துக் கையில் பிடித்தவர்கள் அந்த நேரத்தைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து மரத்தில் இன்னொன்று உண்டு. 2009 இல் போர் முடிவதற்கு முன்பு இங்கே நின்ற மரம் என்றால், நின்ற வீடு என்றால், உள்ளே செல் துண்டு இருக்கலாம். பலகையில் கறுப்பு நீலமாக ஒரு கறை நார்வழியே நீண்டு ஓடினால் நிறுத்துங்கள், இரும்பு மரத்தில் ஊறிய நிறம் அது. காந்தம் ஒன்றை மேலே ஓட்டிப் பாருங்கள், உளியால் தோண்டி எடுத்துவிட்டுப் பிறகு சுரண்டுங்கள். தோண்டிய குழியை அதே நிலையின் துண்டால் அடைத்துச் சுரண்டினால் அடைப்பு தெரிவதே அரிது. ஒரு வீட்டம்மா அடைக்க வேண்டாம், துண்டு இருந்த இடம் அப்படியே தெரியட்டும் என்று கேட்டார். அப்படியே விளிம்பை மட்டும் மழுக்கிக் கொடுத்தோம்.

சுருள் தூளாக மாறத் தொடங்கியதும் உடனே அரத்துக்கு ஓட வேண்டாம். தகட்டைப் படுக்கப் போட்டு, முகத்தில் கம்பியை ஓட்டி மடிந்த கொக்கியை நேராக்கி, பிறகு நிமிர்த்தி இரண்டு மூன்று இழுவை, முப்பது விநாடி வேலை. இப்படி மூன்று நாலு தரம் செய்யலாம். அதற்குப் பிறகு அந்த உருக்கு வேலை பட்டு இறுகி, கொக்கி எழும்பாமல் துணுக்குத் துணுக்காக உதிரும், அப்போது அரம், கல், கம்பி என்று முதலில் இருந்து. ஒரு தகட்டில் நாலு விளிம்பு இருப்பதால் நாலையும் காலையிலேயே கூராக்கி வைத்தால் மத்தியானம்வரை கம்பியைத் தொட வேண்டியதில்லை.

வேலை முடிந்தால் துடைத்து, தையல் மிசின் எண்ணெய் தடவி, ஒரு கட்டையில் வாளால் கீறிய பிளவுக்குள் செருகி வையுங்கள், மற்றச் சாமானோடு பெட்டிக்குள் போட்டால் கொக்கி எல்லாம் நசுங்கிப்போகும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசினாகும், அதனால் வேண்டாம். சோழகக் காலத்தில் எண்ணெய் இல்லாமலும் கிடக்கும். ஐப்பசி பிறந்து மாரி பிடித்துவிட்டால் ஒரே இரவில் துரு ஏறும், அந்த மாதங்களில் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு வைப்பேன்.